மரம் பொறித்த வெள்ளிக் காசுகள்

2024ஆம் ஆண்டு நவம்பர் மாதத்தில் அமெரிக்காவில் ஏலத்துக்கு வந்த சின்னஞ் சிறு வெள்ளிக் காசு ஒன்று 25 இலட்சம் டொலருக்கு மேல் விலைபோயிற்று. அதன் எடை 1.1 கிராம், அதிலுள்ள வெள்ளியின் அன்றைய விலையோ ஏறக்குறைய ஒரு டொலர். இத்துணைப் பெருமதிப்பு அதற்கு எங்ஙனம் வந்தது? இதனை அறிய விரும்புவோர் பதினேழாம் நூற்றாண்டின் மசசூசெற்ஸ் குடியேற்றத்தை நோக்குதல் வேண்டும்.

காசுப் பஞ்சம்

அங்குக் குடியேறிய ஆங்கிலேயருக்கு நிலமும் மரமும் நிரம்ப இருந்தன, காசுதான் இல்லை. கைக்கு வந்த வெள்ளியெல்லாம் துணிக்கும் இரும்புப் பொருளுக்கும் விலையாகக் கப்பலேறி இங்கிலாந்துக்கே மீண்டது. ஆகவே சோளமும், பீவர் என்னும் விலங்கின் தோலும், பழங்குடி மக்கள் சிப்பியிற் கடைந்த மணிகளும் பணமாக வழங்கின. 1635இல் துப்பாக்கிக் குண்டு ஒன்றைக் காற்பென்னியாகக் கொள்ளலாம் என்று சட்டமும் செய்தனர். மேற்கிந்தியத் தீவுகளுடன் நடந்த வணிகத்தால் ஸ்பானிய வெள்ளி வந்ததாயினும், அதில் மாற்றுக் குறைந்த காசுகளும் கலந்திருந்தன.

நாணயம் அடிக்கும் உரிமை அரசனுக்கே உரியது. ஆனால் முதலாம் சார்ள்ஸ் மன்னன் 1649இல் சிரச்சேதம் செய்யப்பட்டபின் இங்கிலாந்தில் அரசனே இல்லை. இச் சூழலில், 1652ஆம் ஆண்டு மே மாதம் மசசூசெற்ஸ் மன்றம் பொஸ்டன் நகரில் நாணயச்சாலை அமைக்கத் தீர்மானித்தது. பொறுப்பேற்றவர் ஜோன் ஹல் என்னும் பொற்கொல்லர். அவருடைய பங்காளி ரொபேட் சாண்டர்சன். ஆங்கில ஷில்லிங்கின் எடை ஏறத்தாழ 93 கிரெயின். பொஸ்டன் ஷில்லிங்கோ 72 கிரெயின். எடை குறைந்தால் அக்காசு நாட்டை விட்டு வெளியேறாது என்பதே அவர்கள் போட்ட கணக்கு.

நறுக்கிய விளிம்பும் நாட்டிய மரமும்

முதலில் அடித்த காசுகளில், ஒரு பக்கம் நியூ இங்கிலாந்தைக் குறிக்கும் இரண்டு எழுத்துக்களும், மறுபக்கம் பெறுமதியைக் காட்டும் உரோம எண்ணும் மட்டுமே இருந்தன. எஞ்சிய இடமெல்லாம் வெறுமை. வஞ்சகர் விளிம்பைச் சிறிது நறுக்கி வெள்ளியைத் திருடினால் கண்டறிவது அரிது. எனவே அதே ஆண்டு அக்டோபரில் புதிய கட்டளை பிறந்தது. நடுவில் ஒரு மரம், விளிம்பைச் சுற்றி எழுத்து என அமைப்பு மாறிற்று. வில்லோ, ஓக், பைன் என ஒன்றன்பின் ஒன்றாக வந்த மூவகை மரக் காசுகள் இவையே.

1682 வரை நாணயச்சாலை இயங்கியும், 1662 எனப் பொறித்த இரண்டு பென்ஸ் காசு ஒன்று தவிர, ஏனையவற்றில் 1652 என்ற ஆண்டே காணப்படும். 1660இல் அரசாட்சி மீண்டபின், மன்னனில்லாக் காலத்தில் அடித்தவை எனக் காட்டவே இவ்வாறு செய்தனர் என்பது பழைய விளக்கம். சட்டம் இயற்றிய ஆண்டையே அது குறிக்கிறது என்பாரும் உளர்.

ஹல்லின் மகள் ஹன்னாவைத் தராசின் ஒரு தட்டில் இருத்தி, மறுதட்டில் பைன் மரக் காசுகளைக் குவித்துச் சீதனம் கொடுத்தார்கள் என்றொரு கதையும் உண்டு. அதனைப் பரப்பியவர் 19ஆம் நூற்றாண்டு எழுத்தாளர் நத்தானியேல் ஹோதோர்ன்.

போலியும் மெய்யும்

விலை உயர்ந்த இடத்திற் போலி தோன்றுதல் இயல்பு. 1850களில் நியூயோர்க்கைச் சேர்ந்த தோமஸ் வயற் என்பவர் போலி மசசூசெற்ஸ் காசுகளைச் செய்து, மண்ணிற் கிடைத்த புதையல் எனக் கூறி விற்றார். இன்று சேகரிப்போர் எடையை நிறுத்துப் பார்ப்பர். மரத்தின் கிளைகளையும் எழுத்துக்களின் இடைவெளியையும் அச்சு வேறுபாடுகளையும் உருப்பெருக்கியால் ஒப்புநோக்குவர். சிட்னி நோ என்னும் அறிஞர் 1943 தொடக்கம் 1952 வரை வெளியிட்ட மூன்று ஆராய்ச்சி நூல்களின் வரிசை எண்களே இதற்கு வழிகாட்டி.

முதலிற் கூறிய காசுக்கு இப்போது வருவோம். அது எழுத்து மட்டும் பொறித்த முதல்வகையைச் சேர்ந்த மூன்று பென்ஸ் காசு. ஒல்லாந்து நாட்டில், ஒரு பழைய பேழையினுள், சிறு பெட்டியில் 2016இல் அகப்பட்டது. அது குயின்சி குடும்பத்திலிருந்து வந்தது எனவும், இன்னதென்று தெரியாத வெள்ளி வில்லை எனவும் குறித்து, 1798 டிசம்பர் என்று நாளிட்ட காகிதத் துண்டு ஒன்றும் உடனிருந்தது. ஜோன் ஹல்லின் மனைவி யூடித் பிறந்தது குயின்சி குடும்பத்திலேயே என்பது நினைவிற் கொள்ளத்தக்கது. இவ்வகையில் உறுதியாக அறியப்பட்ட மற்றக் காசு மசசூசெற்ஸ் வரலாற்றுச் சங்கத்தில் உள்ளது. மூன்றாவது ஒன்று யேல் பல்கலைக்கழகத்திலிருந்து களவு போயிற்று.

காகிதம் எழுதியவருக்குக் காசின் பெயர் தெரியாது. ஆயினும் அது வந்த வழியை எழுதி வைத்தார். இரு நூற்றாண்டுகளின் பின் அந்த ஒரு வரியே அறிஞருக்குச் சான்றாயிற்று. பழங்காசு சேர்க்கும் மாணவர்கள் காசைத் தேய்த்து மினுக்குதல் ஆகாது. மினுக்கினால் அதன் மதிப்புக் குன்றும். எவரிடம், எங்கே, எப்போது பெற்றோம் என்பதைத் துண்டுக் காகிதத்தில் எழுதிக் காசுடன் வைத்தல் வேண்டும். பெயர் தெரியாத காசாயினும், அதனை அறியவல்லார் ஒருவர் பின்னொரு நாள் வரக்கூடும்.