பூனையிடம் நாடாப்புழு: எதற்குப் பயப்பட வேண்டும், எதற்கு வேண்டாம்?



கோவில்பட்டியிலும் சுற்றியுள்ள கரிசல் ஊர்களிலும் பூனை வளர்ப்பது பாசத்துக்காக மட்டும் அல்ல. மக்காச்சோளமும் உளுந்தும் பருத்திக்கொட்டையும் மூட்டை மூட்டையாகக் கிடக்கும் வீட்டில் எலி வராமல் இருக்காது. முன்பு மண் குலுக்கையில் தானியத்தைக் கொட்டி வாயை மூடி வைத்தார்கள். இப்போது எல்லாம் சாக்குதான், எலிக்கு அது கதவில்லாத வீடு. ஆகவே பூனை வேண்டியிருக்கிறது. மார்க்கத்திலும் அதற்குத் தடை இல்லை. உளூச் செய்ய வைத்திருந்த தண்ணீரைக் குடிக்க வந்த பூனைக்கு அபூ கத்தாதா (ரலி) அவர்கள் பாத்திரத்தைச் சாய்த்துக் கொடுத்ததும், பூனை நஜீஸ் அல்ல, நம் வீட்டில் நம்மைச் சுற்றி வரும் உயிர் என்ற நபி (ஸல்) அவர்களின் கூற்றை அவர்கள் எடுத்துச் சொன்னதும் அபூதாவூத், திர்மிதி முதலிய ஹதீஸ் நூல்களில் பதிவாகியிருக்கின்றன.

இப்போது இதை எழுதக் காரணம் உண்டு. பூனை படுத்த இடத்தில் அரிசி போல ஏதோ நெளிகிறது என்று நம்மிடம் கேட்டு வருகிறவர்கள் அடிக்கடி இருக்கிறார்கள். ஒரு தாய் அதைத் தீப்பெட்டியில் போட்டே கொண்டுவந்து காட்டினார். முஸல்லாவின் ஓரத்தில் கிடந்ததாம். வீட்டில் ஒன்றரை வயதுக் குழந்தை. பூனையைச் சாக்கில் கட்டி மார்க்கெட் பக்கம் விட்டுவிடலாம் என்று வீட்டில் முடிவே செய்துவிட்டார்கள். சில வீடுகளில் அப்படி விட்டும் விடுகிறார்கள். வளர்ந்த பூனையைத் தெரியாத தெருவில் விட்டால் நாயிடமோ வண்டியிடமோ அது சிக்கும். வீட்டிலோ புழுவுக்கான காரணம் அப்படியே இருக்கும். பூனை போன பிறகும் தெள்ளு கடித்துக்கொண்டே இருப்பதைக் கண்டு பிறகு யோசிக்கிறார்கள்.

அந்த அரிசி என்பது முழுப் புழு அல்ல, நாடாப்புழுவின் ஒரு துண்டு. நாடாப்புழுவுக்கு வாயும் கிடையாது, குடலும் கிடையாது. தலையில் உள்ள உறிஞ்சிகளாலும் கொக்கிகளாலும் பூனையின் சிறுகுடலைப் பிடித்துக்கொண்டு, தன் தோல் வழியாகவே சத்தை இழுத்துக்கொள்கிறது. கழுத்துப் பக்கம் புதுப் புதுத் துண்டுகள் முளைத்துக்கொண்டே இருக்கும். வால் பக்கத்துத் துண்டுகள் முட்டை நிரம்பி முற்றியதும் கழன்று, மலத்தோடு வரும், அல்லது தானாகவே ஊர்ந்து வெளியே வரும். ஈரமாக இருக்கும்போது வெள்ளரி விதை போல வெள்ளையாக நீண்டு சுருங்கும். காய்ந்தபின் மஞ்சளாகி எள் போலவோ உடைந்த அரிசி போலவோ வால் மயிரில் ஒட்டிக்கொண்டிருக்கும்.

நம் பக்கத்துப் பூனைகளுக்கு இது இரண்டு வழியில் வரும். இதைப் பிரித்துப் புரிந்துகொண்டால்தான் மருந்து கொடுத்தும் ஏன் திரும்ப வருகிறது என்பது விளங்கும்.

முதல் வழி தெள்ளுப்பூச்சி. இதனால் வரும் புழுவுக்கு டிபைலிடியம் என்று பெயர். கழன்று விழுந்த துண்டு காய்ந்து உடைந்ததும் அதற்குள் இருந்த முட்டைகள் தரைத் தூசியில் கலக்கும். தெள்ளின் குஞ்சு, அதாவது தரையில் நெளியும் சின்னப் புழு, அந்த முட்டையைத் தின்னும். அது வளர்ந்து தெள்ளாகும்போது நாடாப்புழுவின் கருவும் அதன் வயிற்றுக்குள் வளர்ந்திருக்கும். அந்தத் தெள்ளு பூனை மேல் ஏறிக் கடிக்க, பூனை நாவால் நக்கித் தடவ, தெள்ளு வயிற்றுக்குள் போய்விடும். இரண்டு முதல் நான்கு வாரத்தில் பூனையின் வாலடியில் மறுபடி வெள்ளைத் துண்டு தெரியும். வீட்டை விட்டு வெளியே போகாத பூனைக்கும் வருவது இந்த வழியில்தான்.

இரண்டாவது வழி எலி. கோடையில் கரிசல் நிலம் வாய் பிளந்து கிடக்கும். அந்த வெடிப்பெல்லாம் எலிக்கு வளை. அறுவடை முடிந்ததும் அவை களத்துக்கும் வீட்டுக்கும் வரும். எலியின் ஈரலில் இன்னொரு வகை நாடாப்புழுவின் கரு கட்டியாகத் தங்கியிருக்கும். எலியைத் தின்ற பூனையின் குடலில் அது வளர்ந்து முழுப் புழுவாகும். பூனையின் மலத்தோடு வெளியேறும் முட்டை தானியத்திலோ புல்லிலோ பட்டு மறுபடி எலிக்குள் போகும். எலி பிடிப்பதற்கென்றே பூனை வளர்க்கும் நாம், எலி தின்னாதே என்று அதனிடம் சொல்ல முடியாது. எனவே வேட்டைக்குப் போகும் பூனைக்கு எத்தனை மாதத்துக்கு ஒருமுறை மருந்து தேவை என்று டாக்டரிடம் கேட்டு, காலண்டரில் குறித்து வைத்துக்கொள்வதே வழி. (எலி மருந்து வைக்கும் வீட்டிலும் தோட்டத்திலும் பூனையை விடாதீர்கள். மருந்து தின்ற எலியைத் தின்று பூனை சாவது உண்டு.)

பெரும்பாலான பூனைகளுக்கு நாடாப்புழுவால் வெளியே தெரியும் நோய் எதுவும் இராது. பின்பக்கத்தை அடிக்கடி நக்கும், சில நேரம் தரையில் தேய்க்கும். புழு மிக அதிகமானால் இளைக்கும். குட்டிகளின் நிலை வேறு. அவற்றுக்குப் புழுவை விடத் தெள்ளுதான் ஆபத்து. கூட்டமாக ஏறி இரத்தத்தைக் குடித்து, ஈறு வெளுத்துச் சோர்ந்து படுக்க வைத்துவிடும். வயிறு மட்டும் பானை போல உப்பியிருக்கும் குட்டிக்குப் பெரும்பாலும் இருப்பது தாய்ப்பாலில் வரும் உருளைப்புழு. அதற்கு மருந்து வேறு.

மருந்துக்கு வருவோம். நாடாப்புழுவுக்கு நன்றாக வேலை செய்வது பிராசிகுவாண்டல். 1970-களில் ஜெர்மனியில் உருவான மருந்து. மாத்திரையின் அளவு எடையைப் பொறுத்தது. வாயால் கொடுக்கும்போது பொதுவாகக் கிலோவுக்கு 5 மில்லிகிராம் என்பது கணக்கு. ஆனாலும் எவ்வளவு என்று கால்நடை டாக்டர்தான் சொல்ல வேண்டும். ஆறு வாரத்துக்கு உட்பட்ட குட்டிக்கு அவரைக் கேட்காமல் எதுவும் கொடுக்கக் கூடாது. பூனையின் எடை தெரியாவிட்டால், அதைக் கையில் வைத்துக்கொண்டு எடை மெஷினில் ஏறுங்கள். பிறகு நீங்கள் மட்டும் ஏறி, முன்னதிலிருந்து கழித்துக்கொள்ளுங்கள். நம் நாட்டுப் பூனை பெரும்பாலும் மூன்று நான்கு கிலோதான் இருக்கும். மாத்திரை கசப்பு. கடித்துவிட்டால் வாயில் நுரை தள்ளும். அது விஷம் அல்ல, கசப்புக்குத்தான். கருவாட்டுத் துண்டிலோ மீன் சதையிலோ பொதித்துக் கொடுத்தால் சில பூனைகள் ஏமாறும். ஏமாறாத பூனையைத் துண்டில் சுற்றி, தலையைச் சற்று நிமிர்த்தி, நாக்கின் அடிப்பகுதியில் வைக்க வேண்டியதுதான். மருந்து பட்ட புழு பெரும்பாலும் குடலுக்குள்ளேயே கரைந்துவிடும். வெளியே வரவில்லை என்பதால் வேலை செய்யவில்லை என்று எண்ணி மறுநாளே இன்னொரு மாத்திரை கொடுக்காதீர்கள்.

பள்ளிக்கூடத்திலும் அங்கன்வாடியிலும் குடற்புழு நீக்கத்துக்குத் தரும் அல்பெண்டசோல் மாத்திரையை உடைத்துப் பூனைக்குக் கொடுத்ததாகச் சிலர் சொல்கிறார்கள். வேண்டாம். தெள்ளால் வரும் நாடாப்புழுவுக்கு அது சரியான மருந்தும் அல்ல, பூனையின் எலும்பு மஜ்ஜையை அது பாதிக்கவும் கூடும். இதைவிட மோசமானது ஆட்டுக்கும் நாய்க்கும் உண்ணி போக அடிக்கும் மருந்தைப் பூனை மேல் தெளிப்பது. பெர்மெத்ரின், டெல்டாமெத்ரின் போன்றவற்றை முறித்து வெளியேற்றப் பூனையின் ஈரலால் முடியாது. நடுக்கம், வலிப்பு என்று போய் உயிரே போய்விடும். எறும்புப் பொடியும் அந்த வகைதான். காய்ச்சல் மாத்திரையான பாராசிட்டமாலும் பூனைக்கு விஷம். தெள்ளுக்கென்று பூனைக்கே தயாரித்த சொட்டு மருந்துகள் கடையில் கிடைக்கின்றன. பின்கழுத்தில், நக்க முடியாத இடத்தில் விட வேண்டும். அட்டையில் பூனைப் படம் இருக்கிறதா என்று பார்த்து வாங்குங்கள்.

பூனை மேல் தெள்ளு இருக்கிறதா என்று கண்ணால் பார்ப்பது கடினம். பேன் சீப்பால் முதுகையும் வாலடியையும் வாரி, விழும் கறுப்புத் துகளை நனைத்த வெள்ளைத் தாளில் போட்டுப் பாருங்கள். செம்பழுப்பாகக் கசிந்தால் அது தெள்ளின் எச்சம். தின்ற இரத்தம்தான் அப்படிக் கரைகிறது.

உண்மையான வேலை வீட்டுத் தரையில் இருக்கிறது. ஒரு பெண் தெள்ளு நாளொன்றுக்கு 40 முட்டை வரை இடும். முட்டையெல்லாம் பூனை மேல் தங்காது, அது படுக்கும் இடத்தில் உதிரும். பூனை மேல் நாம் காண்பது கொஞ்சம்தான். முட்டையாகவும் குஞ்சாகவும் கூடாகவும் பெரும்பகுதி கட்டிலுக்கடியிலும் சாக்குக்கடியிலும் இருக்கிறது. கூட்டுக்குள் இருப்பது மாதக்கணக்கில் காத்திருந்து, ஆள் நடமாட்டத்தின் அதிர்வு பட்டதும் வெளிவரும். பூட்டிக் கிடந்த வீட்டைத் திறந்ததும் காலெல்லாம் கடிப்பது இதனால்தான். நம் ஊர் வெயில் இந்த ஒரு விஷயத்தில் நமக்கு உதவி. வறண்ட காற்றிலும் நேர் வெயிலிலும் தெள்ளுக் குஞ்சு பிழைக்காது. ஐப்பசி, கார்த்திகை மழையில் தரை ஈரமாகும்போதுதான் அது பெருகும். தண்ணீர்ப் பானைப் பக்கமும் மாட்டுக்கொட்டகையும் எந்த மாதத்திலும் அதற்கு வசதியான இடம்.

ஆகவே பூனை படுக்கும் துணியை வாரம் ஒருமுறை கொதிநீரில் ஊறவைத்துத் துவைத்து உச்சி வெயிலில் போடுங்கள். முஸல்லா, பாய், தலையணை, சாக்கு எல்லாவற்றையும் உதறி மொட்டை மாடியில் காய வையுங்கள். தரை இடுக்கையும் கட்டில் கால்களையும் தினமும் பெருக்கி, வாரிய தூசியை வீட்டுக்குள் வைக்காமல் எரித்துவிடுங்கள். இதைக் குறைந்தது ஒரு மாதம் விடாமல் செய்ய வேண்டும். வீட்டில் மூன்று பூனை இருந்தால் மூன்றுக்கும் ஒரே நாளில் மருந்து. நாய் இருந்தால் அதற்கும், ஆனால் நாய்க்குரியதை. ஒன்றுக்கு மட்டும் கொடுத்துவிட்டு மாத்திரையைக் குறை சொல்லிப் பயனில்லை.

முஸல்லாவில் துண்டு கிடந்தால் தொழுகை கூடுமா என்பது பலரின் கேள்வி. பூனையின் எச்சில் நஜீஸ் அல்ல என்றாலும் அதன் மலம் நஜீஸ்தான். துண்டு மலவாயிலிருந்து வருவது. எடுத்து அப்புறப்படுத்தி, பட்ட இடத்தைக் கழுவிக் காய வைத்துத் தொழுங்கள். அதற்குமேல் ஐயம் இருந்தால் மஹல்லா இமாமிடம் கேட்டுத் தெளியலாம்.

குழந்தைக்கு ஒட்டுமா? பூனையைத் தொட்டதாலோ, அந்த வெள்ளைத் துண்டு கையில் பட்டதாலோ இந்தப் புழு வராது. கருவுள்ள தெள்ளை விழுங்கினால் மட்டுமே வரும். தரையில் தவழ்ந்து, கையை வாயில் வைக்கும் சின்னக் குழந்தைக்கு அபூர்வமாக அப்படி நேர்வது உண்டு. குழந்தையின் மலத்திலோ ஜட்டியிலோ அரிசி போன்ற துண்டைக் கண்டால் கீரிப்பூச்சி என்று நினைத்து நீங்களாக மருந்து கொடுக்காமல், துண்டைச் சிறு குப்பியில் போட்டு டாக்டரிடம் காட்டுங்கள். சாதாரண மலப் பரிசோதனையில் இதன் முட்டை தெரியாமல் போகலாம். துண்டே நல்ல சாட்சி. டாக்டர் கொடுக்கும் மருந்தில் எளிதாகக் குணமாகிவிடும். கர்ப்பிணிகளைப் பூனை மலத்தை அள்ள விடக் கூடாது என்பது வேறொரு கிருமிக்காகச் சொல்லப்படுவது. நாடாப்புழுவுக்காக அல்ல, ஆனால் அதையும் கடைப்பிடியுங்கள்.

நாம் உண்மையிலேயே பயப்பட வேண்டிய நாடாப்புழு ஒன்று உண்டு. அது பூனையினுடையது அல்ல, நாயினுடையது. ஆடு மாடுகளின் ஈரலிலும் நுரையீரலிலும் சில நேரம் நீர் நிறைந்த வெள்ளைக் கட்டிகள் இருக்கும். அந்த உறுப்பைத் தெருநாய்க்கு வீசினால் அதன் குடலில் சின்ன நாடாப்புழுக்கள் ஆயிரக்கணக்கில் வளரும். நாயின் மலத்தில் வரும் முட்டை மேய்ச்சல் நிலத்தில் ஆட்டுக்குள் போகிறது. நாயைத் தடவிய கை வழியாகவும், கழுவாத காய்கறி வழியாகவும் மனிதனுக்குள்ளும் போகிறது. ஈரலில் வருடக்கணக்கில் சத்தமில்லாமல் கட்டி வளர்ந்து, அறுவை சிகிச்சை வரை கொண்டுபோய் விடும். ஹஜ்ஜுப் பெருநாளில் ஒரே நாளில் தெருவெங்கும் குர்பானி நடக்கிறது. அறுப்பவரிடம் முன்பே சொல்லி வையுங்கள்: கட்டி உள்ள ஈரலையும் நுரையீரலையும் கழிவையும் நாய்க்குப் போடக் கூடாது, நாய் தோண்ட முடியாத ஆழத்தில் புதைக்க வேண்டும். குழியை முதல் நாளே வெட்டி வைத்தால் வேலை நேரத்தில் அலைய வேண்டியதில்லை.

பூனைக்கு மருந்து வாங்க முதலில் ஊரிலுள்ள அரசு கால்நடை மருத்துவமனைக்குப் போங்கள். துளையிட்ட அட்டைப் பெட்டியிலோ, வாயைத் தளர்வாகக் கட்டிய கட்டைப் பையிலோ வைத்துக் கொண்டுபோகலாம். காலையில் போவது நல்லது. குணமாகாத நோய்க்குத் திருநெல்வேலி இராமையன்பட்டியில் கால்நடை மருத்துவக் கல்லூரியின் மருத்துவமனை இருக்கிறது. கால்நடை அவசர உதவிக்கு 1962 என்ற எண்ணில் கட்டணமின்றி அழைக்கலாம்.