திருப்பெருந்துறை: வெள்ளாற்றங்கரைத் தலமும் அருவ வழிபாட்டு மரபும்

ஆய்வுச் சுருக்கம்

புதுக்கோட்டை மாவட்டத்தில் தென்வெள்ளாற்றின் கரையில் அமைந்த ஆவுடையார்கோயில், இலக்கியங்களில் திருப்பெருந்துறை என வழங்கும் தலமாகும். கருவறையில் இலிங்கத் திருமேனி இன்றிப் பீடம் மட்டுமே வழிபடப்பெறும் இக்கோயில், மண்டபங்களில் காணும் செறிவான சிற்பங்களாலும் அறியப்படுவது. இவ்விரு கூறுகளும் தனித்தனியே பேசப்பட்ட அளவிற்கு ஒன்றோடொன்று இயைத்து நோக்கப்படவில்லை. தலப்பெயர், வழிபாட்டு முறை, சிற்பம் ஆகியவற்றைத் திருவாசக மரபின் துணைகொண்டு இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: திருப்பெருந்துறை, ஆவுடையார், வெள்ளாறு, திருவாசகம், கொடுங்கை, அருவம்.

ஆறும் ஊர்ப்பெயரும்

வெள்ளாறு என்னும் பெயரில் தமிழகத்தில் இரண்டு ஆறுகள் உள்ளன. பரங்கிப்பேட்டை அருகே கடலில் கலப்பது வடவெள்ளாறு. புதுக்கோட்டை மாவட்டத்தின் ஊடே கிழக்கு நோக்கி ஓடிப் பாக் நீரிணைப் பகுதியில் கலப்பது தென்வெள்ளாறு. மழைக்காலம் தவிர ஏனைய காலங்களில் மணல்வெளியாகவே காட்சிதரும் இவ்வாறு, பழந்தமிழ் நிலப்பிரிவில் பெற்றிருந்த இடம் பெரிது. சோழ மண்டலத்திற்குத் தென்னெல்லையாகவும் பாண்டி மண்டலத்திற்கு வடவெல்லையாகவும் தனிப்பாடல்கள் இதனையே குறிக்கின்றன. புறநானூற்றின் 24ஆம் பாடலில் மாங்குடி கிழார், தலையாலங்கானத்துச் செருவென்ற பாண்டியன் நெடுஞ்செழியன் வேள் எவ்வியின் மிழலையையும் முதுவேளிரின் முத்தூற்றையும் கொண்ட செய்தியைக் கூறுகிறார். அம்மிழலைக் கூற்றம் இப்பகுதியைச் சார்ந்தது என்பது ஆய்வாளர் கருத்து. ஆக, திருப்பெருந்துறை இரு பேரரசுகளின் எல்லை நிலத்தில் எழுந்த தலம்.

'துறை' என்னும் சொல் ஆற்றில் இறங்கும் இடத்தையும் கலம் சேரும் இடத்தையும் ஒருங்கே குறிப்பது. மாணிக்கவாசகர் வரலாறு கூறும் நூல்கள் இரண்டாம் பொருளுக்கு இடம் தருகின்றன. பாண்டியன் தன் அமைச்சரான வாதவூரரிடம் பெரும்பொருள் தந்து குதிரை வாங்கி வருமாறு பணித்ததையும், அவர் திருப்பெருந்துறையில் குருந்தமர நிழலில் குருவாக வீற்றிருந்த இறைவனைக் கண்டு ஆட்பட்டதையும், கொண்டுசென்ற பொருள் திருப்பணியில் செலவானதையும் கடவுள் மாமுனிவரின் திருவாதவூரர் புராணமும் பரஞ்சோதி முனிவரின் திருவிளையாடற் புராணமும் விரிக்கின்றன. குதிரை கடல்வழி வந்த சரக்கு. எனவே பெருந்துறை ஒரு துறைமுகம் என முடிவு கட்டுவோர் உளர். ஊர் இன்று கடற்கரையை ஒட்டியதன்று, உள்நாட்டில் அமைந்தது. ஆனால் மணமேல்குடி, மீமிசல், கோட்டைப்பட்டினம் எனத் தொடரும் கடற்கரை இதற்குத் தொலைவிலும் இல்லை. கடற்கரை வணிகத்தை உள்நாட்டு வழிகளோடு இணைத்த ஆற்றுத்துறை எனக் கொள்வதே கிடைக்கும் சான்றுகளுக்கு ஏற்புடையது. துறைமுகம் என்று உறுதி கூற அகழாய்வுச் சான்று வேண்டும். புராணச் செய்தி மட்டும் போதாது.

இலக்கியப் பெயர் இவ்வாறிருக்க, மக்கள் வழக்கில் நிலைத்த பெயர் ஆவுடையார்கோயில் என்பதே. இலிங்கத்தைத் தாங்கும் பீடத்திற்கு ஆவுடையார் என்று பெயர். கருவறையில் காணும் பொருளே ஊருக்குப் பெயராகி, பின்னர் வட்டத்தின் பெயராகவும் ஆகியுள்ளது. திருவாசகத்தை ஓதுவோர் ஒரு பெயராலும், பேருந்தில் ஏறுவோர் வேறொரு பெயராலும் இவ்வூரை அறிகின்றனர்.

இல்லாதவற்றால் அறியப்படும் கோயில்

இக்கோயிலுக்கு முதன்முறை செல்வோர் வழக்கமான சிவாலய அமைப்பை எதிர்பார்த்தால் ஏமாற்றமே எஞ்சும். கோயில் தெற்கு நோக்கியது. கொடிமரம் இல்லை, நந்தி இல்லை, சண்டிகேசுவரர் இல்லை. ஆத்மநாதர் எனப்படும் இறைவனுக்குப் பீடம் மட்டுமே உண்டு. அதன்மேல் இலிங்கம் இல்லை. இறைவி யோகாம்பாளுக்கும் முழுவுருவம் இல்லை. திருவடிகளே வழிபடப்பெறுகின்றன, அவற்றையும் கற்பலகணியின் வழியாகவே காண இயலும். தலமரம் குருந்து.

இதனை 'உருவமற்ற வழிபாடு' என்று ஒரு தொடரில் கூறிக் கடந்துவிடுவது வழக்கமாகிவிட்டது. சைவ சித்தாந்தம் இறைவன் நிலைகளை உருவம், அருவுருவம், அருவம் என மூன்றாகப் பகுக்கும். இலிங்கத் திருமேனி இவற்றுள் அருவுருவம். அதாவது, எல்லாச் சிவாலயக் கருவறைகளும் உருவத்தைப் பாதி கடந்தவையே. திருப்பெருந்துறையில் அந்த அருவுருவமும் விலக்கப்பட்டு, அது அமர வேண்டிய இடம் மட்டும் காட்டப்படுகிறது. வெற்றிடத்தை வெற்றிடமாகக் காட்டப் பீடம் தேவைப்படுகிறது என்பது கருதத்தக்கது. பீடமும் இல்லையேல் அது வெறும் அறை.

இங்கு ஒரு முரண் எழுகிறது. தலமரபின்படி இறைவன் மனித வடிவில், ஆசிரியராக, மரநிழலில் அமர்ந்து, ஒருவருக்கு நேர்நின்று உபதேசம் செய்த இடம் இது. சைவத் தலங்களுள் இறைவன் இத்துணை அணுக்கமான உருவில் வெளிப்பட்டதாகப் போற்றப்படுவன சிலவே. அத்தகைய இடத்தின் கருவறையில் உருவம் இல்லாதது ஏன்? திருவாசகத்திலேயே இதற்கு விடை தேடலாம். சிவபுராணம், திருச்சதகம், திருப்பள்ளியெழுச்சி, அருட்பத்து, வாழாப்பத்து முதலிய பகுதிகள் திருப்பெருந்துறையில் அருளப்பெற்றவை எனப் பதிப்புகள் குறிக்கின்றன. வந்து ஆண்டுகொண்டவன் தன்னை இவ்வுலகில் விட்டு மறைந்தான் என்னும் ஆற்றாமை திருவாசகத்தில் திரும்பத் திரும்ப ஒலிக்கிறது. குரு தோன்றிய இடம் என்பதோடு குரு நீங்கிய இடம் என்பதும் இத்தலத்தின் பொருள். வெறும் பீடம் அந்நீக்கத்தின் கல்வடிவம் என்று கொள்ளலாம். இவ்வாறு கொள்ளின், ஆவுடையார் தத்துவக் குறியீடாக மட்டும் நில்லாமல் திருவாசகத்தின் உணர்வுநிலையோடும் பொருந்துகிறது.

திருவிழா மரபு இக்கருத்திற்குத் துணைநிற்கிறது. ஆனித் திருமஞ்சனம், மார்கழித் திருவாதிரை ஆகிய விழாக்களில் வீதியுலா வருபவர் மாணிக்கவாசகரே. ஆண்டவன் உருவம் நீங்கிய இடத்தில் அடியவர் உருவம் வந்து நிற்கிறது.

ஆவியே நிவேதனம்

கோயில் நிவேதனத்திற்குப் பச்சரிசி அன்னமே பெருவழக்கு. இங்குப் புழுங்கலரிசி அன்னமும் பாகற்காயும் கீரையும் படைக்கப்பெறுகின்றன. வடித்த அன்னத்தைக் கருவறைக்கு முன்னுள்ள கல்மேடையில் சூடாகக் கொட்ட, அதிலிருந்து எழும் ஆவியே இறைவனுக்கு நிவேதனமாகிறது. உருவற்றவனுக்கு உணவின் உருவற்ற கூறு உரியதாகிறது.

உணவு வகையே இதனினும் ஆழ்ந்து நோக்கத்தக்கது. இறைவன் முதிய ஆசிரியராக வந்து இவ்வூர் அந்தணர் முந்நூற்றுவரின் பிள்ளைகளுக்குக் கல்வி கற்பித்தார் என்பது தலபுராணச் செய்தி. புழுங்கலரிசியும் கீரையும் பாகற்காயும் விருந்துணவு ஆகா. வேளாண் குடியினரின் அன்றாட அடுக்களைக்கு உரியன. ஊரில் தங்கிக் கற்பித்த ஓர் ஆசிரியருக்கு வீட்டிலிருந்து சென்ற உணவாக இதனைக் காண்பது புராணச் செய்தியோடு முரண்படவில்லை. ஆகம விதியைக் காட்டிலும் ஊர் வழக்கு மேலோங்கிய இடம் எனவும் இதனைக் கூறலாம்.

மண்டபங்களின் செறிவு

கருவறையின் வெறுமைக்கு நேர்மாறானவை மண்டபங்கள். வீரபத்திரர், குறவன், குறத்தி எனத் தூண்தோறும் ஆளுயரத்தை மிஞ்சும் உருவங்கள் புடைத்து நிற்கின்றன. இவற்றின் நடை பெரிதும் நாயக்கர் காலச் சாயல் கொண்டது. எனவே, மாணிக்கவாசகரே இம்மண்டபங்களைக் கட்டினார் என்னும் வாய்மொழியை இன்றைய கட்டடத்தின் மீது ஏற்றிக் கூறுவது பொருந்தாது. அவர் காலத்துத் திருப்பணி எத்தகையது என்பது வேறு வினா.

கொடுங்கை எனப்படும் கல் தாழ்வாரமே இக்கோயிலின் புகழுக்கு முதற்காரணம். மரச்சட்டங்களை வளைத்து, குறுக்குச் சட்டம் இட்டு, ஆணி அறைந்து கூரை வேய்ந்தால் எவ்வாறு தோன்றுமோ அவ்வாறே கருங்கல்லில் செதுக்கியுள்ளனர். ஆணியின் தலைகூடக் கல்லே. கல்தச்சர்கள் ஒரு கோயில் வேலைக்கு ஒப்புக்கொள்ளும்போது ஆவுடையார்கோயில் கொடுங்கை, கடாரங்கொண்டான் மதில், திருவலஞ்சுழிப் பலகணி போன்றவை 'நீங்கலாக' என்று எழுதிக்கொடுப்பர் என்னும் வழக்கு நெடுங்காலமாகக் கூறப்படுகிறது. ஒரு தொழிற்குழு தன் திறனின் எல்லையைத் தானே வரையறுத்துக் கூறும் அரிய சான்று இது. மரவேலையின் நுட்பத்தைக் கல்லுக்கு மாற்றியோர், இணைப்பிற்குத் தேவையற்ற ஆணியையும் விடாது செதுக்கியது ஏன் என்பது கட்டடக்கலை ஆய்வாளர் சிந்திக்க வேண்டியது. கூரை வேய்ந்த முந்தைய கோயிலின் நினைவாகவும் இருக்கலாம். வெறும் கைத்திறன் காட்டும் விருப்பாகவும் இருக்கலாம்.

குதிரை மீது அமர்ந்த சிவபெருமானின் சிற்பம் தனியே குறிப்பிடத்தக்கது. நரிகளைப் பரிகளாக்கிக் குதிரைச் சேவகனாக மதுரைக்கு வந்த கதையின் உருவம் அது. நரி குதிரையான செய்தி திருவாசகத்திலும் உண்டு. அப்பர் தேவாரத்திலும் உண்டு. மாணிக்கவாசகர் காலத்தை அப்பருக்கு முற்பட்டதாகக் கொள்ளும் மறைமலையடிகள் முதலியோர் இதனைச் சான்றாகக் காட்டுவர். ஒன்பதாம் நூற்றாண்டெனக் கொள்வோர் இதனை மாணிக்கவாசகர் வரலாற்றோடு தொடர்பற்ற பழைய திருவிளையாடல் என்பர். மண்டபத்துச் சிற்பம் இவ்வழக்கைத் தீர்க்காது. அது பிற்காலப் புராணக் கதையின் ஏற்பைக் காட்டும் சான்றே அன்றி, நிகழ்ச்சியின் சான்று அன்று. விதானத்து ஓவியங்களில் காணும் மாணிக்கவாசகர் வரலாற்றுக் காட்சிகளுக்கும் இவ்வரையறை பொருந்தும்.

தலபுராணமும் கல்வெட்டுத் தேடலும்

திருவாவடுதுறை ஆதீன ஆட்சியின்கீழ் உள்ள இக்கோயிலுக்கு மகாவித்துவான் மீனாட்சிசுந்தரம் பிள்ளை (1815-1876) திருப்பெருந்துறைப் புராணம் இயற்றினார். கோயில் பொறுப்பில் இருந்த சுப்பிரமணியத் தம்பிரான் வேண்டியதால் எழுந்த அந்நூல் இத்தலத்திலேயே அரங்கேறியது. அக்காலத்து மாணவராக உடனிருந்த உ.வே. சாமிநாதையர் அந்நாட்களைத் தம் 'என் சரித்திர'த்தில் பதிவு செய்துள்ளார். பத்தொன்பதாம் நூற்றாண்டில் இக்கோயிலின் நடைமுறை எவ்வாறிருந்தது என்பதற்கு இப்பதிவு சிற்பங்களைக் காட்டிலும் நேரடியான சான்று.

இத்தலத்தை ஆராய்வோர் கருத்திற்கொள்ள வேண்டிய நடைமுறைச் செய்தி ஒன்று உண்டு. புதுக்கோட்டை மாவட்டம் 1974இல்தான் உருவானது. அதற்குமுன் அறந்தாங்கிப் பகுதியோடு ஆவுடையார்கோயிலும் தஞ்சாவூர் மாவட்டத்தில் இருந்தது. தொண்டைமான் மன்னர்களின் புதுக்கோட்டைச் சமஸ்தானத்தில் அது அடங்கவில்லை. சமஸ்தானக் கல்வெட்டுத் தொகுதி 1929இல் வெளிவந்தபோது குடுமியான்மலை, நார்த்தாமலை, திருமயம் முதலிய ஊர்கள் அதில் இடம்பெற்றன. ஆவுடையார்கோயில் அதன் எல்லைக்குள் வரவில்லை. மாவட்டப் பெயரைக் கொண்டு அத்தொகுதியில் தேடுவோர் இவ்வூரைக் காணாமல் திரும்புவர். தஞ்சாவூர் மாவட்டத்திற்குரிய பழைய ஆண்டறிக்கைகளில், ஆவுடையார்கோயில் என்ற பெயரிலும் திருப்பெருந்துறை என்ற பெயரிலும் தேடுதல் வேண்டும்.