எச்.ஐ.வி.: பரிசோதனையில் தென்படாத வைரசு எங்கே தங்கியிருக்கிறது?

இரத்தப் பரிசோதனை அறிக்கையில் வைரசு ‘கண்டறியப்படவில்லை’ என்றிருப்பதைக் கண்டு, நோய் நீங்கிவிட்டதாகக் கருதி மாத்திரைகளை நிறுத்துவோர் உளர். தாயகப் பயணத்தின்போது உறவினர் கண்ணில் மருந்து பட்டுவிடுமோ என்ற அச்சத்தால் சில வாரங்கள் அதனைத் தவிர்ப்போரும் உளர். இவ்விரண்டும் ஆபத்தானவை.

எச்.ஐ.வி. நோயெதிர்ப்புக்குத் துணைபுரியும் சிடி4 கலங்களைத் தாக்கி, தனது மரபுக் குறிப்பை அக்கலங்களின் டி.என்.ஏ.யினுள்ளேயே பொருத்திவிடுகிறது. தொற்றிய கலங்களிற் பெரும்பாலானவை விரைவில் அழிகின்றன. சிறு தொகையானவை மட்டும் நிணநீர்க் கணுக்களிலும் குடற்சுவரிலும் உறங்குநிலையில் பல்லாண்டுகள் தங்குகின்றன. மருந்துகள் வைரசு பெருகுவதையே தடுக்கின்றன. பெருகாது உறங்கும் வைரசை அவற்றால் அகற்ற இயலாது. ஆகவே மருந்தை நிறுத்தினால், பெரும்பாலும் சில வாரங்களுக்குள் அது மீண்டும் பெருகத் தொடங்கும். இடையிடையே விட்டு எடுத்தால், அம்மருந்துக்குக் கட்டுப்படாத வைரசு தோன்றவும் கூடும்.

சுகதேகி ஒருவரின் ஒரு மைக்ரோலீற்றர் இரத்தத்தில் பொதுவாக 500க்கு மேற்பட்ட சிடி4 கலங்கள் இருக்கும். சிகிச்சையின்றி ஆண்டுகள் கழிய இவ்வெண்ணிக்கை குறைகிறது. 200க்குக் கீழ் வீழ்ந்தால், வழமையாகத் தீங்கு செய்யாத கிருமிகளும் கடும் நோயை உண்டாக்கும்: நியூமோசிஸ்டிஸ் நுரையீரல் அழற்சி, மூளையைத் தாக்கும் டொக்சோபிளாஸ்மா, உணவுக்குழாயிற் பரவும் பூஞ்சணத் தொற்று என்பன அவற்றுட் சில. காசநோய் தனியே குறிப்பிடத்தக்கது. இலங்கையிலோ இந்தியாவிலோ வளர்ந்த சிலரின் உடலில் சிறுவயதிற் புகுந்த காசநோய்க் கிருமி வெளித்தெரியாது அடங்கியிருக்கும்; சிடி4 எண்ணிக்கை 200க்கு மேல் இருக்கும்போதே அது தலைதூக்கக்கூடும்.

மருந்தைத் தொடர்வோர் பெறும் நன்மையை உலகுக்கு முதலில் வெளிப்படையாக எடுத்துரைத்தது சுவிற்சர்லாந்தே. ஒழுங்காக மருந்து எடுத்து, குறைந்தது 6 மாதங்களாக வைரசு தென்படாதிருப்பவரும் வேறு பாலியற் தொற்று இல்லாதவருமான ஒருவர், உடலுறவு மூலம் எச்.ஐ.வி.யைப் பரப்புவதில்லை என பியேத்ரோ வெர்னாற்சா உள்ளிட்ட நான்கு வைத்தியர்கள் 2008 சனவரியில் அறிவித்தனர். அப்போது பல நாடுகளில் கடுமையாக எதிர்க்கப்பட்ட அக்கூற்றைப் பின்னர் வந்த பெரிய ஆய்வுகள் உறுதிப்படுத்தின.

சிகிச்சைச் செலவை, காப்புறுதி பெற்றவர் செலுத்தவேண்டிய பங்கு தவிர, அடிப்படை மருத்துவக் காப்புறுதி ஏற்கிறது. தொழில் வழங்குநருக்கு அறிவிக்கவேண்டியதில்லை. வைத்தியரும் அவருடன் பணிபுரிவோரும் குற்றவியற் சட்டக்கோவையின் 321ஆம் பிரிவின்படி இரகசியம் காக்கக் கடமைப்பட்டவர்கள். நீண்ட பயணம் செல்பவர், போதிய மாத்திரைகளைப் பெறுவது பற்றியும் நேர வேறுபாட்டுக்கேற்ப அவற்றை எடுப்பது பற்றியும் புறப்படுவதற்கு முன்னரே வைத்தியரிடம் கேட்டறிதல் வேண்டும்.