அறுகங்குடா அலைகள்

தீவகத்தவராகிய எமக்குக் கடல் புதிதன்று. ஆயினும் கரம்பொன் கரையிற் பலகைமேல் நின்று சறுக்கத்தக்க பேரலை எழுவதில்லை. எமது கடல் ஆழங் குறைந்தது. தென்சமுத்திரத்து அலைகளை இலங்கை நிலமே மறித்துவிடுகிறது.

பொத்துவிலை அடுத்த அறுகங்குடாவின் நிலை வேறு. தென்துருவப் பக்கத்துப் புயல்கள் எழுப்பும் நெடிய அலைகள் ஆயிரக்கணக்கான மைல் கடந்து அங்கே வருகின்றன. கரைமுனையை அணுகியதும், ஆழங் குறைந்த பக்கம் வேகந் தளர, மறுபக்கம் விரைய, அலை முனையைச் சுற்றி வளைகிறது. ஒருங்கே உடையாமல், முனையிலிருந்து குடாவை நோக்கிச் சிறிது சிறிதாக உடைந்து செல்கிறது. அவ்வாறு உடையும் ஓரத்தை ஒட்டியே பலகையைச் செலுத்துகின்றனர். எமது சோழகமோ அங்கே தரையிலிருந்து கடலுக்கு வீசி அலைமுகத்தைச் செம்மைப்படுத்துகிறது. (நாம் வள்ளத்துக்கு அஞ்சும் காற்று அங்கே விருந்தினரை அழைக்கிறது!)

ஹவாய்த் தீவினரின் இப்பழைய விளையாட்டு மீனவர் கிராமமொன்றை உல்லாசப் பயணிகளின் ஊராக்கிற்று. 2004 டிசெம்பர் 26இல் ஆழிப்பேரலை அங்கே உயிர்களையும் வீடுகளையும் விடுதிகளையும் வாரிச் சென்றது. எஞ்சியோர் அதே கரையில் மீளக் கட்டினர். வாடை பிறந்ததும் வெளியார் பெரும்பாலும் போய்விடுவர். மே முதல் ஒக்டோபர் வரை ஈட்டியதைக் கொண்டே பலர் எஞ்சிய மாதங்களைத் தள்ளவேண்டும்.