டிகிரியை லேமினேட் செய்து வைத்தால் பணம் வராது

மஞ்சப்பையிலிருந்து அந்த அம்மா எடுத்து நீட்டிய தாள் பளபளத்தது. மூன்றரை லட்சம் கைமாற்றுக் கடனுக்குக் கோர்ட்டில் கிடைத்த டிகிரி. கசங்கிவிடக் கூடாதென்று லேமினேட் செய்திருந்தார். தேதியைப் பார்த்தேன். மேல்முறையீடு ஏதும் இல்லை. 13 வருடம் ஓடியிருந்தது. “கோர்ட்டே சொல்லிடுச்சே சார், அவங்களே வாங்கித் தர மாட்டாங்களா?”

மாட்டார்கள். போலீஸ் ஸ்டேஷனும் வாங்கித் தராது. வசூலுக்கு நீங்கள்தான் தனியாக நிறைவேற்று மனு போட வேண்டும். கோர்ட்டில் ‘இ.பி.’ என்பார்கள். அதற்குக் கெடு 12 வருடம். அதைத் தாண்டினால், தாமதத்தை மன்னிக்கச் சொல்லிக் கேட்கவும் வழியில்லை.

தீர்ப்பு வேறு, டிகிரி வேறு. தீர்ப்பு நகலை மட்டும் கையில் வைத்துக்கொண்டு அலைபவர்கள் ஏராளம். இ.பி. போட, நகல் பிரிவில் மனுக் கொடுத்து, டிகிரியின் சான்றிட்ட நகலை வாங்குங்கள். கடன்காரரின் சொத்து வேறு ஊர் கோர்ட்டின் எல்லையில் இருந்தால், டிகிரி கொடுத்த கோர்ட்டிலேயே மனுப் போட்டு அதை அங்கே மாற்றச் சொல்ல வேண்டும்.

இ.பி.யில் அசல், வட்டி, செலவுத்தொகை, இதுவரை வந்த பணம் எல்லாவற்றையும் கணக்கிட்டு எழுத வேண்டும். எந்த வழியில் வசூலிக்கக் கேட்கிறீர்கள் என்பதையும் சொல்ல வேண்டும். நிலத்தை ஜப்தி செய்யக் கேட்டால் சர்வே எண், நான்கு எல்லை, வில்லங்கச் சான்று வேண்டும். “அவருக்கு ஊர்ல நிலம் இருக்கு” என்றால் ஜப்தி செய்யும் கோர்ட் ஊழியரான ஆமீன் எங்கே போவார்? சரியாக எழுதிக் கொடுத்தாலே “வீடு பூட்டியிருந்தது” என்று அறிக்கை வருவதுண்டு.

சொத்து விவரம் தெரியாதா? உரிமையியல் நடைமுறைச் சட்டத்தின் கட்டளை 21, விதி 41-இன்படி மனுப் போடுங்கள். கடன்காரரே தன் சொத்துகளைப் பிரமாண வாக்குமூலத்தில் எழுதித் தர வேண்டியிருக்கும். கோர்ட் உத்தரவிட்டும் தராவிட்டால் 3 மாதம் வரை சிறை. இந்த மனுவை ஏனோ பலர் போடுவதேயில்லை.

சம்பளக்காரரானால் கணக்கு எளிது. பிடிக்கக் கூடாத படிகளைக் கழித்தபின் 31,000 ரூபாய் என்று வையுங்கள். முதல் 1,000 ரூபாயைத் தொட முடியாது. மீதியில் மூன்றில் ஒரு பங்கு, அதாவது மாதம் 10,000 ரூபாய் பிடிக்கலாம். ஒரே டிகிரிக்கு 24 மாதம்தான். வருங்கால வைப்பு நிதியில் கை வைக்க முடியாது.

“பிடிச்சு உள்ளே போடுங்க” என்பவர்களுக்கு: பண டிகிரிக்காகப் பெண்களைக் கைது செய்ய முடியாது. ஆண்களையும் வெறும் ஏழ்மைக்காகச் சிறையில் தள்ளக் கூடாதென்று உச்ச நீதிமன்றம் 1980-இலேயே சொல்லிவிட்டது. வசதி இருந்தும் ஏய்க்கிறார் என்று காட்ட வேண்டியது நீங்கள். சிறைக்குப் போனால் அவருடைய சாப்பாட்டுப் படியைக் கட்டுவதும் நீங்கள்தான்!

இ.பி.யை 6 மாதத்தில் முடிக்க வேண்டுமென்று 2021-இல் அதே உச்ச நீதிமன்றம் உத்தரவிட்டது. வாய்தா கொடுத்தே பழகிய கோர்ட்டுகளுக்கு அதை உங்கள் வக்கீல்தான் நினைவூட்ட வேண்டும். நடுவில் கடன்காரர் கையில் கொடுக்கும் பணத்தைக் கோர்ட்டில் பதிவு செய்துவிடுங்கள்.

நீங்கள் ஆஜராகாமல் பழைய இ.பி. தள்ளுபடி ஆனாலும் டிகிரி செத்துவிடாது. புதிதாகப் போடலாம், அந்த 12 வருடத்துக்குள். பீரோவில் டிகிரி இருந்தால் முதலில் அதன் தேதியைப் பாருங்கள்.