கல்லாப்பெட்டிக்கு எதிரே ஓடும் மீட்டர்



கணக்குப் பார்ப்பதில் நாம் யாருக்கும் சளைத்தவர்கள் இல்லை. துவரம்பருப்பு மூட்டையில் ஒரு கிலோ எடை குறைந்தால் லாரியை நிறுத்தி வைத்துக் கேட்கிறோம். எண்ணெய் டின்னுக்கு ஐந்து ரூபாய் ஏறினால் அன்று மாலைக்குள் வீதி முழுக்கத் தெரிந்துவிடுகிறது. ஆனால் கல்லாப்பெட்டிக்கு எதிரே, சுவரில் இரவு பகலாக ஓடிக்கொண்டிருக்கும் மின்சார மீட்டரை நம்மில் எத்தனை பேர் பார்க்கிறோம்? இரண்டு மாதத்துக்கு ஒரு முறை தொகை வருகிறது. முணுமுணுத்துக்கொண்டே கட்டுகிறோம். பிறகு மறந்துவிடுகிறோம்.

நாற்பது ஆண்டுகளுக்கும் மேலாக மளிகை மொத்த வியாபாரம் செய்யும் நானும் அப்படித்தான் இருந்தேன். என் கண்ணைத் திறந்தவர் அன்னூர்ப் பக்கத்திலிருந்து சரக்கு எடுக்க வரும் ஒரு சிறு மளிகைக்கடைக்காரர்.

"ஏனுங்கண்ணா, ராத்திரி பகலா நின்னு யாவாரம் பண்றது கரண்டு பில்லுக்கே போயிருதுங்க. பேசாம குளிர்பானப் பெட்டியத் தூக்கிப் போட்றலாமான்னு பாக்கறேன்" என்றார்.

"தம்பி, அவசரப்படாதீங்க. இன்னிக்கு ராத்திரி கடை சாத்தும்போது மீட்டரிலே என்ன எண் இருக்குன்னு எழுதி வையுங்க. காலையிலே திறந்ததும் மறுபடி எழுதுங்க. அப்புறம் பேசலாம்" என்றேன்.

விளக்கும் விசிறியும் இரவில் ஓடுவதில்லை. குளிர்பானப் பெட்டியும் ஐஸ்கிரீம் பெட்டியும் மட்டுமே ஓடுகின்றன. ஆகவே அந்த இரண்டு எண்களுக்கும் உள்ள வித்தியாசம் பெட்டிகள் தின்ற மின்சாரம். பத்து மணி நேரத்தில் ஐந்து யூனிட் ஓடியிருந்தது. ஒரு நாளைக்கு 12 யூனிட். இரண்டு மாதத்துக்கு 720 யூனிட். கடை மின்சாரம் யூனிட்டுக்குப் பத்து ரூபாய் என்று கணக்குக்கு வைத்துக்கொண்டால் 7,200 ரூபாய்!

நேரில் போய்ப் பார்த்தேன். ஐஸ்கிரீம் பெட்டி மேற்கு வெயில் விழும் சுவரோடு ஒட்டி நின்றது. உள்ளே இரண்டு விரல் கனத்துக்குப் பனி. குளிர்பானப் பெட்டியின் கதவு ரப்பர் தளர்ந்திருந்தது. ஒரு பத்து ரூபாய் நோட்டைக் கதவிடுக்கில் வைத்து மூடி இழுத்தால் தடையில்லாமல் வந்தது. பெட்டிகளைச் சுவரிலிருந்து அரை அடி தள்ளி நிழலில் வைத்தார். பனியைக் கரைத்தார். பின்பக்கக் கம்பிச் சுருளில் அப்பியிருந்த தூசியைத் துடைத்தார். ரப்பரை மாற்றினார். அடுத்த வாரம் அதே இரவுக் கணக்கு மூன்றரை யூனிட்டாக இறங்கியது. இரண்டு மாதத்துக்கு 216 யூனிட், அதாவது 2,160 ரூபாய் மிச்சம். பெட்டி கடையிலேயே இருக்கிறது, வியாபாரமும் இருக்கிறது.

மிச்சமும் லாபமும்

இந்த 2,160 ரூபாயைச் சிறு தொகை என்று சிலர் நினைக்கலாம். நம் தொழிலில் நூற்றுக்கு நாலு ரூபாய் நின்றால் நல்ல சரக்கு என்கிறோம். அந்தக் கணக்கில் 2,160 ரூபாய் லாபம் பார்க்க 54,000 ரூபாய்க்குச் சரக்கு விற்க வேண்டும். பெரிய அங்காடிகளும், வீட்டுக்கே கொண்டுவந்து தரும் நிறுவனங்களும் போட்டிக்கு நிற்கும் இந்தக் காலத்தில் விற்பனையைக் கூட்டுவது நம் கையில் மட்டும் இல்லை. செலவைக் குறைப்பது பெரும்பாலும் நம் கையில்தான் இருக்கிறது.

கணக்கு எளிதானதுதான். ஆயிரம் வாட் ஒரு மணி நேரம் ஓடினால் ஒரு யூனிட். பழைய சோக் வைத்த டியூப்லைட் ஏறத்தாழ 50 வாட் இழுக்கும். அதே நீளமுள்ள எல்.இ.டி. பட்டிக்கு 20 வாட் போதும். ஆறு விளக்குகள் நாளுக்குப் பத்து மணி நேரம் எரியும் கடையில் இரண்டு மாதத்துக்கு 108 யூனிட் மிச்சமாகும். பட்டி ஒன்று 250 ரூபாய் என்று வைத்தாலும் போட்ட 1,500 ரூபாய் மூன்று மாதத்துக்குள் திரும்பிவிடும்.

சாதாரண மின்விசிறி 75 வாட். பி.எல்.டி.சி. மோட்டார் கொண்ட புதிய விசிறி 30 வாட் அளவில் சுற்றும். நாளுக்கு 12 மணி நேரம் ஓடினால் ஒரு விசிறிக்கு இரண்டு மாதத்தில் 32 யூனிட் குறையும். விலை 1,500 ரூபாய் கூடுதல் என்றாலும் பத்து மாதத்தில் ஈடாகிவிடும். அதன் பிறகு வருவதெல்லாம் லாபம்.

ஓடந்துறை காட்டிய வழி

"ஒரு கடைக்காரன் நாலு யூனிட் மிச்சம் பிடித்து என்ன ஆகப்போகிறது?" என்று கேட்பவர்களுக்கு நம் பக்கத்து ஊரையே உதாரணம் காட்டலாம். மேட்டுப்பாளையத்துக்கு அருகே, ஊட்டி மலை அடிவாரத்தில் ஓடந்துறை என்ற ஊராட்சி இருக்கிறது. 1996-ஆம் ஆண்டு அங்கே ஆர். சண்முகம் அவர்கள் தலைவரானார். குடிநீர் மோட்டாருக்கும் தெருவிளக்குக்கும் கட்டும் மின்கட்டணம் ஊராட்சியின் வருமானத்தைத் தின்றுகொண்டிருந்தது. அவர்கள் அந்தக் கட்டண ரசீதைக் கையில் எடுத்தார்கள்.

சில தெருக்களுக்குச் சூரிய விளக்கு வைத்தார்கள். மரக்கழிவை எரிவாயுவாக்கி அதைக் கொண்டு குடிநீர் மோட்டாரை ஓட்டும் 9 கிலோவாட் இயந்திரம் ஒன்றை நிறுவினார்கள். 2006-இல் ஊராட்சியின் பெயரிலேயே 350 கிலோவாட் காற்றாலை ஒன்றை வாங்கினார்கள். விலை ஒரு கோடியே 55 லட்சம். அதில் 40 லட்சம் ஊராட்சியின் சேமிப்பு. மீதி ஒரு கோடியே 15 லட்சம் வங்கிக் கடன்.

ஓடந்துறையில் அத்தனை காற்று கிடையாது. எனவே காற்றாலையை உடுமலைப்பேட்டைக்கு அருகே மைவாடியில் நிறுவினார்கள். பாலக்காட்டுக் கணவாய் வழியாக வரும் காற்று அங்கே வீசுகிறது. ஆடிக் காற்றில் அம்மியும் பறக்கும் என்போம். அந்தக் காற்று அங்கே மின்சாரமாகிறது. மைவாடியில் உற்பத்தியான மின்சாரம் வாரியத்தின் கம்பியில் சேர்ந்தது. ஊராட்சி செலவிட்ட யூனிட் அதில் கழிந்தது. ஆண்டுக்கு ஏறத்தாழ ஆறே முக்கால் லட்சம் யூனிட் உற்பத்தி, ஊராட்சியின் தேவை நாலரை லட்சம் யூனிட் என்பது அவர்கள் சொன்ன கணக்கு. மிஞ்சுவதை வாரியத்துக்கு விற்றார்கள். கட்டணம் கட்டிக்கொண்டிருந்த ஊராட்சி மின்சாரத்தை விற்கும் ஊராட்சி ஆயிற்று.

நாம் எல்லோரும் காற்றாலை வாங்க முடியாது. ஆனால் அவர்கள் போன வரிசையை நாமும் பின்பற்றலாம். முதலில் ரசீதைப் பார். பிறகு வீணைக் குறை. அதன் பிறகு உற்பத்தியை யோசி. வரிசை மாறினால் நஷ்டம். ஓட்டைப் பானையில் எவ்வளவு தண்ணீர் ஊற்றினாலும் நிற்காது.

நானே செய்த தவறு

விளக்கு விற்பவர்கள் என்ற முறையில் நமக்கு வேறொரு பொறுப்பும் உண்டு. அதை என் அனுபவத்திலிருந்தே சொல்கிறேன். சில ஆண்டுகளுக்கு முன் ஒரு வியாபாரி மிகக் குறைந்த விலைக்கு எல்.இ.டி. பல்பு கொண்டுவந்தார். பெட்டியில் முத்திரையும் இல்லை, தயாரித்தவர் முகவரியும் இல்லை. நல்ல மார்ஜின் என்று நூறு பெட்டி இறக்கினேன். என் மண்டியின் முன்பக்கம் சில்லறைக் கடையும் உண்டு. மூன்றே மாதத்தில் வயதான ஓர் அம்மாள் பல்பைக் கொண்டுவந்து மேசைமேல் வைத்தார்.

"ஏஞ்சாமி, நீ குடுத்த பல்பு நோம்பி வரைக்குங்கூட எரியலியே!"

காசைத் திருப்பிக் கொடுத்தேன். ஆனால் அதன் பிறகு அந்த அம்மாள் எல்.இ.டி. என்றாலே வேண்டாம் என்று சொல்லிவிட்டார். அவர் வீட்டில் பழைய குண்டு பல்பே எரிந்தது. பல்பு கெட்டதைவிட எனக்கு அதுதான் உறுத்தியது. மட்டமான சரக்கு ஒன்றை விற்று, நல்ல பொருளின் மேலிருந்த நம்பிக்கையையும் நானே கெடுத்துவிட்டேன்.

ஆகவே பல்பு வாங்கும்போது பெட்டியில் இந்தியத் தர நிர்ணய அமைப்பின் முத்திரை, ஐ.எஸ். எண், 'ஆர்' என்று தொடங்கும் எட்டு இலக்கப் பதிவு எண் ஆகியவை இருக்கிறதா என்று பாருங்கள். வாட் என்பது பல்பு தின்னும் மின்சாரம்; லூமன் என்பது அது தரும் வெளிச்சம். மாட்டுக்குத் தீனியையும் பாலையும் சேர்த்துப் பார்ப்பது போல இரண்டையும் பாருங்கள். குளிர்பெட்டி, விசிறி போன்றவற்றில் நட்சத்திர அடையாளத்தைப் பாருங்கள். நட்சத்திரம் கூடக்கூட மின்சாரம் குறையும்.

மொத்தக் கொள்முதலின் வலிமை

மொத்த வியாபாரிகளுக்குப் பெருமை தரும் செய்தி ஒன்று. 2014-ஆம் ஆண்டு தொடக்கத்தில் அரசுக் கொள்முதலில் ஒரு எல்.இ.டி. பல்பின் விலை 310 ரூபாய். 2015 ஜனவரியில் 'உஜாலா' திட்டம் தொடங்கிற்று. கோடிக்கணக்கில் ஒரே இடத்தில் கொள்முதல் செய்ததால் 2016-இல் அந்த விலை 38 ரூபாய்க்கு இறங்கியது. நாடெங்கும் 36 கோடிக்கு மேற்பட்ட பல்புகள் அத்திட்டத்தில் வழங்கப்பட்டன. பருப்பையும் சர்க்கரையையும் சேர்ந்து வாங்கினால் விலை குறையும் என்பது நமக்குத் தெரிந்ததுதானே! ஒரு வீதியில் உள்ள இருபது கடைகள் விளக்கும் விசிறியும் சேர்ந்து வாங்கினால் நிச்சயம் நல்ல விலை கிடைக்கும்.

கூரைமேல் சூரிய மின்சாரம்

வீணைக் குறைத்த பிறகு உற்பத்திக்கு வரலாம். ஒரு கிலோவாட் சூரியத் தகடுக்கு நிழல் விழாத நூறு சதுர அடி இடம் போதும். நம் பக்கத்து வெயிலில் சராசரியாக நாளுக்கு நான்கு யூனிட் கிடைக்கும். 2024 பிப்ரவரியில் மத்திய அரசு தொடங்கிய 'பி.எம். சூர்ய கர்' திட்டத்தில் ஒரு கிலோவாட்டுக்கு 30,000, இரண்டுக்கு 60,000, மூன்றும் அதற்கு மேலும் 78,000 ரூபாய் என மானியம் அறிவித்தார்கள். ஆனால் அது வீட்டு இணைப்புக்கு மட்டுமே. கடை இணைப்புக்கு இல்லை. கீழே கடையும் மேலே வீடுமாக இருப்பவர்கள் இதை நன்றாகத் தெரிந்துகொண்டு விண்ணப்பிக்க வேண்டும்.

இன்னொன்று. பேட்டரி இல்லாத கூரை மின்சாரம், வாரியத்தின் கம்பியில் மின்சாரம் நின்றால் தானும் நின்றுவிடும். கம்பியில் வேலை செய்யும் ஊழியரின் உயிருக்குப் பாதுகாப்பாக அப்படி அமைத்திருக்கிறார்கள். 2012-இல் கோவையில் நாளுக்குப் பத்து மணி நேரத்துக்கும் மேல் மின்வெட்டு இருந்ததை மறந்திருக்க மாட்டீர்கள். ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்றியே நம்மில் பலர் நொந்துபோனோம். மின்வெட்டுக்காகவே தகடு போடுகிறவர்கள் பேட்டரியையும் விசாரித்துவிட்டுப் பணம் கொடுங்கள்.

கடைப் பலகையே பள்ளிக்கூடம்

ஆண்டுதோறும் டிசம்பர் 14-ஆம் நாள் தேசிய எரிசக்திச் சேமிப்பு தினம். ஊர்வலம் போகிறது, பதாகை கட்டுகிறார்கள். நல்ல காரியம்தான். ஆனால் ஊர்வலம் வீதியைக் கடந்து போய்விடும். நாம் வீதியிலேயே இருக்கிறோம். அரைக் கிலோ சர்க்கரைக்கும் கால் லிட்டர் எண்ணெய்க்கும் தினமும் நம்மிடம் வருகிறவர்கள், "இது நல்லா இருக்குங்களா?" என்று கேட்டுவிட்டுத்தான் எதையும் வாங்குகிறார்கள். அந்த நம்பிக்கையை எந்த விளம்பரமும் வாங்க முடியாது.

ஆகவே ஒவ்வொரு கடையிலும் மூன்று காரியம் செய்யலாம். சாத்தும்போதும் திறக்கும்போதும் மீட்டர் எண்ணை ஒரு மாதம் எழுதி வாருங்கள். உங்கள் கடையில் மிச்சமான தொகையை ஒரு அட்டையில் எழுதி, வாடிக்கையாளர் கண்ணில் படும்படி மாட்டுங்கள். பல்பு கேட்டு வருகிறவரிடம் வாட்டையும் லூமனையும் ஒரு நிமிடம் விளக்குங்கள். வீட்டு மின்சாரத்தில் யூனிட் கூடக்கூட அதன் விலையும் கூடுகிறது என்பதால், அந்த ஒரு நிமிடம் ஒரு குடும்பத்துக்கு நல்ல மிச்சத்தைத் தரும்.

பைக்காரா மின்சாரம் 1932-இல் வந்த பிறகுதான் நம் கோவையில் பஞ்சாலைகள் பெருகின. மோட்டாரும் பம்பும் செய்யும் பட்டறைகள் பின்னால் வந்தன. அந்த மின்சாரத்தால் வளர்ந்த ஊர்க்காரர்கள் நாம். அதை வீணாக்காமல் இருப்பது நமக்கு மரியாதை. நம் கல்லாவுக்கும் நன்மை.

அந்த வயதான அம்மாள் இப்போதும் என் கடைக்கு வருகிறார். முத்திரையுள்ள பல்பு ஒன்றைப் பணம் வாங்காமல் கொடுத்து, "எரிஞ்சா அடுத்த நோம்பிக்குக் காசு குடுங்க ஆத்தா" என்றேன். நோம்பி முடிந்த மறுநாளே காசோடு வந்தார். கூடவே, "இன்னும் மூணு குடு சாமி" என்றார். இன்று கடை சாத்தும்போது ஒரு நிமிடம் மீட்டரைப் பாருங்கள். பென்சிலும் நோட்டும் நம் கையில்தானே இருக்கிறது!