உதவிப் பணம் பறிபோன பின்பு



நம் பள்ளிச் சிறுமி ஒருத்தி மூன்று நாளாக வகுப்புக்கு வரவில்லை. வீட்டுக்குச் சென்று விசாரித்தோம். வேன்காரருக்குக் கொடுக்கக் காசில்லை என்றார் தாயார். பிறகு மெல்ல அழுதுகொண்டே விஷயத்தைச் சொன்னார். ரஹ்மா உதவித் தொகையைக் கூட்டித் தருவதாகக் கைத்தொலைபேசிக்கு ஒரு செய்தி வந்திருக்கிறது. கேட்டபடியெல்லாம் அடையாளக் கார்டு எண், வங்கிக் கணக்கு எண், கடைசியில் வந்த இரகசிய எண் வரை கொடுத்துவிட்டார். கணக்கிலிருந்த 840 வெள்ளியும் போயிற்று. பணம் போனது திங்கட்கிழமை. எங்களிடம் சொன்னது வியாழக்கிழமை மாலை. அதுவரை கணவருக்கும் தெரியாது.

இந்த உதவி 2012-இல் பிரிம் என்ற பெயரில் 500 வெள்ளியாகத் தொடங்கியது. பிறகு பல முறை பெயர் மாறி, 2023-இல் ரஹ்மா ஆயிற்று. பெயர் மாறும் ஒவ்வொரு தடவையும் ஏமாற்றுக்காரனுக்கு ஒரு புதுச் சாக்கு கிடைத்துவிடுகிறது. இதற்கு மனுச் செய்யக் கட்டணமே இல்லை.

சரி, ஏமாந்தாகிவிட்டது. இனி என்ன செய்வது?

திருடப்பட்ட பணம் ஒரே இடத்தில் தங்குவதில்லை. முதலில் யாரோ ஒருவருடைய கணக்கில் விழும். அங்கிருந்து இன்னொரு கணக்குக்கு, அங்கிருந்து வேறொன்றுக்கு என்று ஓடும். சில நிமிடங்களிலேயே இது நடந்துவிடலாம். இடையில் எங்காவது நிற்கும்போது வங்கி அதை முடக்கினால்தான் மீட்க வழியுண்டு. ஆகவே தெரிந்த உடனே 997 என்ற எண்ணுக்கோ உங்கள் வங்கிக்கோ தொலைபேசியில் சொல்ல வேண்டும். 997 என்பது 2022-இல் அமைக்கப்பட்ட தேசிய மோசடி எதிர்ப்பு மையத்தின் எண். போலீசும் பேங்க் நெகாராவும் அதில் சேர்ந்து வேலை செய்கின்றன. "வீட்டுக்காரர் வேலை விட்டு வரட்டும், கேட்டுக்கொண்டு சொல்கிறேன்" என்று காத்திருந்தால் பணம் கைமாறிப் போய்விடும்.

அடுத்து போலீஸ் புகார். எந்த நிலையத்திலும் கொடுக்கலாம். மலாய் பேசத் தயக்கமென்றால் படித்த பிள்ளையையோ ஆசிரியரையோ அழைத்துச் செல்லுங்கள். வந்த செய்தியை வெட்கத்தில் அழித்துவிடாதீர்கள், அதுதான் சாட்சி. புகாரின் நகலைப் பத்திரமாக வையுங்கள். வங்கி அதைத்தான் கேட்கும். வங்கியின் முடிவான பதில் திருப்தி தராவிட்டால், நிதிச் சந்தை குறைதீர்ப்புச் சேவையிடம் ஆறு மாதத்திற்குள் கட்டணமின்றி முறையிடலாம்.

பலர் மறந்துவிடும் காரியம் ஒன்று உண்டு. அடுத்த தவணை உதவிப் பணமும் அதே கணக்குக்குத்தான் வரும். ஆகவே அந்தக் கணக்கைப் பற்றி வங்கியில் பேசி, தேவையானால் புதுக் கணக்கு திறந்து, உதவியை நிர்வகிக்கும் வருமான வரி வாரியத்தின் கிளையில் புது எண்ணைப் பதிய வேண்டும். பதிவிலிருக்கும் எண் உங்களுடையதுதானா என்றும் அங்கேயே கேட்டுப் பாருங்கள்.

உங்கள் கணக்கில் தெரியாத பணம் வந்து விழுந்தால் அதில் ஒரு காசும் தொடாதீர்கள். உடனே வங்கிக்குச் சொல்லுங்கள். வங்கி அட்டையைக் கூலிக்குப் பிறரிடம் கொடுப்பதும் குற்றமே. 2024-இல் அதற்கென்றே தண்டனைச் சட்டம் திருத்தப்பட்டது.

இன்னொரு கூட்டமும் பின்னாலேயே வரும். "போன பணத்தை மீட்டுத் தருகிறோம், முன்பணம் 200 வெள்ளி கட்டுங்கள்" என்பார்கள். முதலில் ஏமாற்றியவனின் ஆட்களாகவே அவர்கள் இருக்கலாம். இவர்களைத்தான் நாம் அதிகம் வெறுக்கிறோம். அழுகிறவரிடமே கை நீட்டுகிறார்கள்.

கணவன்மாருக்கும் மாமியார்களுக்கும் ஒரு வார்த்தை. ஏசினால் அடுத்த முறை அந்தப் பெண் ஒரு வாரம் கழித்துத்தான் சொல்வாள்.

அந்தத் தாயாரோடு நாம் சனிக்கிழமை போலீஸ் நிலையம் சென்றோம். 840 வெள்ளி இதுவரை திரும்பவில்லை. அடுத்த தவணை புதுக் கணக்கில் வந்து சேர்ந்தது. வேன்காரருக்கு இருந்த பாக்கியை அதிலிருந்து கட்டினார்கள்.